சில்லறைப் பொட்டலத்தில் வெள்ளி தேடுவது எப்படி: ராமேஸ்வரத்துச் சங்குக் கடையிலிருந்து

ஒரு ரூபாய்ப் பொட்டலம் ஆறு, இரண்டு ரூபாய்ப் பொட்டலம் நாலு. பொட்டலத்துக்கு நூறு காசு. வாரம் ஒருமுறை வங்கியில் 1,400 ரூபாய் கொடுத்து நான் வாங்கி வருவது இவ்வளவுதான். அக்னி தீர்த்தத்துக்குப் போகும் வழியில் சங்கு, சோழி, சிப்பி மாலை விற்கும் கடை என்னுடையது. நாற்பது ரூபாய் மாலைக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவார்கள், அதனால் சில்லறை எனக்கு எப்படியும் வேண்டும். ஆனால் வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் கல்லாவில் கொட்டமாட்டேன். ஒன்பது வருஷமாக இதுதான் பழக்கம்.

இந்தப் பொழுதுபோக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன். "அத்தை, இங்கே பேங்க்ல காசை உருட்டுக் கட்டாகக் காகிதம் சுத்திக் கொடுப்பாங்க. அதைப் பிரிச்சு வெள்ளி தேடுற ஆளுங்க நிறைய இருக்காங்க" என்றான். அங்கே 1964 வரைக்கும் அடித்த பத்து செண்ட், கால் டாலர், அரை டாலர் காசெல்லாம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. அரை டாலரில் மட்டும் 1965 முதல் 1970 வரை நாற்பது பங்கு வெள்ளி இருந்தது. அந்தக் காசுகள் இன்றைக்கும் செல்லும். அதனால் யாராவது தாத்தாவின் உண்டியலை உடைத்து வங்கியில் கட்டினால், வெள்ளி மறுபடி புழக்கத்துக்கு வந்துவிடுகிறது. கால் டாலர் என்றால் ஒரு கட்டில் நாற்பது காசு. விளிம்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். புதுக் காசின் விளிம்பில் செம்புக் கோடு தெரியும், வெள்ளிக் காசில் தெரியாது.

நம் ஊரில் அப்படி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வெள்ளி ரூபாய் புழக்கத்தை விட்டுப் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது. 1947-ல் வந்த புலி போட்ட ரூபாயே முழுக்க நிக்கல்தான். ஆகையால் பொட்டலம் பிரித்துப் பணக்காரர் ஆகலாம் என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம். ஒன்பது வருஷத்தில் பொட்டலத்திலிருந்து எனக்குக் கிடைத்த வெள்ளி இரண்டே இரண்டு காசு. ஆனால் அந்த ஒன்பது வருஷத்தில் என் விரலும் கண்ணும் பழகியதால், கடைக் கல்லாவிலும் சொந்தக்காரர் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியிலும் பதினேழு வெள்ளிக் காசை அடையாளம் கண்டிருக்கிறேன். பொட்டலம் நமக்குப் பள்ளிக்கூடம் மாதிரி. வெள்ளி பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரும்.

ராமேஸ்வரத்தில் இருப்பது இதற்கு ஒரு கொடுப்பினை. காசி யாத்திரையை முடிக்க வடக்கேயிருந்து வருபவர்களும், தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் நம் பக்கத்திலிருந்து வருபவர்களும் எந்தெந்த ஊர்க் காசையோ கொண்டுவந்து போடுகிறார்கள். ஊரில் பூஜை அறையில் கிடந்த பழங்காசையும் சேர்த்து முடிந்துகொண்டு வருவார்கள். அமாவாசை கழிந்து இரண்டு மூன்று வாரம் சென்றால், பொட்டலங்களில் விதவிதமான காசு தென்படும். என் அனுபவத்தில் மற்ற மாதத்தைவிட அப்போது தேடுவதுதான் பலன் தரும்.

இன்னொரு காரணமும் உண்டு. சில்லறையை எண்ணித்தான் கட்ட வேண்டும் என்பதில்லை, எடை போட்டும் வங்கியில் வாங்கிக்கொள்வார்கள். மொத்த எடை சரியாக வந்துவிட்டால் நடுவில் கிடக்கும் ஒரு வேற்றுக் காசை யார் கவனிக்கப் போகிறார்கள்? அது அப்படியே அடுத்த ஆளிடம் போய்ச் சேரும்.

சரி, எப்படி வாங்குவது? கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். திங்கட்கிழமை காலையும் மாசத்தின் முதல் வாரமும் வேண்டாம். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முதல் தடவை காசாளர் என்னைக் கேட்டார்: "ஏம்மா, எல்லாரும் சில்லறையைக் கொண்டாந்து கொட்டுறாங்க, நீங்க கேட்டு வாங்கிட்டுப் போறீங்களே?" பழங்காசு தேடுகிறேன் சார் என்றேன். அதிலிருந்து தனியாகக் கட்டி வைத்த பழைய பொட்டலம் வந்தால் எனக்கென்று எடுத்து வைப்பார். உள்ளதைச் சொன்னால் கிடைக்கும் உதவி, மழுப்பினால் கிடைக்காது.

ஐம்பது பைசா இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் மாசக் கடைசியோடு செல்லாமல் போயின. ஐம்பது பைசா இன்னும் செல்லும். கடையில்தான் யாரும் வாங்குவதில்லை. அதனால் ஐம்பது பைசாப் பொட்டலம் எங்காவது மூலையில் கைபடாமல் கிடக்கும். அந்தக் காலத்து வெள்ளி எட்டணாவும் பழைய செப்பு நிக்கல் ஐம்பது பைசாவும் அகலத்தில் கிட்டத்தட்ட ஒன்று, இரண்டும் 24 மில்லிமீட்டர். எனக்குக் கிடைத்த இரண்டு வெள்ளியும் ஐம்பது பைசாப் பொட்டலத்தில் இருந்தவைதான். பத்து ரூபாய்க் காசை நான் இதற்காக வாங்குவதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முறத்தில் பொட்டலத்தைக் கொட்டுவேன். முறம் ஏன் என்றால், காசு உருண்டு ஓடாது. பக்கத்தில் ஒரு காந்தம். கெட்டுப்போன ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து என் வீட்டுக்காரர் கழற்றிக் கொடுத்தது, வளையல் மாதிரி வட்டமாக இருக்கும். தீர்த்தக் கரையில் பையன்கள் கயிற்றில் காந்தத்தைக் கட்டித் தண்ணீரில் விட்டுக் காசு எடுப்பார்களே, அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. அவர்கள் காந்தத்தில் ஒட்டுவதை எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு வேண்டியது ஒட்டாதது.

காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி, முறத்தின் மேல் கோலம் போடுகிற மாதிரி மெதுவாக இழுங்கள். இன்றைய எஃகுக் காசெல்லாம் கொத்துக் கொத்தாக அதில் தொங்கும். துணியை உருவினால் அத்தனையும் ஒரு பக்கமாக விழுந்துவிடும். இரண்டு மூன்று தடவை இழுத்தால் நூறு காசில் எண்பது தொண்ணூறு கழிந்துவிடும். மிச்சம் முறத்தில் கிடப்பவைதான் பார்க்க வேண்டியவை: 2004-க்கு முன் அடித்த பதினொரு மூலை இரண்டு ரூபாய், பழைய செப்பு நிக்கல் ஒரு ரூபாய், சமயத்தில் ஒரு பித்தளைக் காசு, எப்போதாவது வெள்ளி. வெள்ளி காந்தத்தில் ஒட்டவே ஒட்டாது. நம் வீடுகளில் "வெள்ளி ரூபாய்" என்று பொத்திப் பொத்தி வைத்திருக்கும் புலிக் காசும், 1950, 1954 வருஷத்து ஒரு ரூபாயும் நிக்கல் என்பதால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். இப்படிக் காந்தம் வைத்துக் காட்டியதில் மனசு வாடிப்போனவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்வேன்: வெள்ளி இல்லாவிட்டால் என்ன, சுதந்திர வருஷத்துக் காசு அது, கொடுத்துவிடாதீர்கள்.

ஒட்டிய காசையும் உடனே தள்ளிவிட வேண்டாம். ஒருமுறை கையில் அள்ளிப் பாருங்கள். நிக்கல் காசு எஃகைவிடக் கனமாகவும், சற்று மஞ்சள் சாயலோடும் இருக்கும். 1964-ல் நேரு நினைவாக வந்த நிக்கல் ரூபாய் எனக்கு அப்படித்தான் அகப்பட்டது.

அடுத்தது விளிம்பு. ஒட்டாத காசுகளை இருபது இருபதாக அடுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். செப்பு நிக்கல் சாம்பல் வெள்ளை, கொஞ்சம் சோர்ந்த நிறம். வெள்ளி ஒன்று நடுவில் இருந்தால் பால் வெள்ளையாகத் தெரியும், இல்லையென்றால் புகை படிந்த மாதிரி கறுத்திருக்கும். நம் கடற்கரைக் காற்றில் செம்பு கலந்த காசு பச்சை பூக்கும், வெள்ளி கறுப்பாகும். கறுப்பைக் கண்டால் அழுக்கு என்று ஒதுக்காதீர்கள்.

என் முதல் வெள்ளி அப்படித்தான் வந்தது. அடுக்கில் கறுப்பாக ஒரு கோடு. உருவி எடுத்தால் கிரீடம் வைத்த ராஜா தலை. திருப்பினேன், உயரமாக ஒரு மரம், மரத்தோரம் சிங்கள எழுத்தும் தமிழ் எழுத்தும். 1942 வருஷத்து இலங்கை ஐம்பது சதம். அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். எங்கள் அப்பத்தா குடும்பம் தனுஷ்கோடியில் இருந்தது. தாத்தா அங்கே துறைமுகத்தில் போர்ட்டர். போட் மெயில் ரயிலில் வந்து இறங்குபவர்களின் பெட்டி படுக்கையைத் தலைமன்னார் கப்பலில் ஏற்றிவிடுவார். அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்கள் இலங்கைக் காசைக் கையில் வைப்பார்கள். தாளிப்பனை போட்ட காசு ஒரு மண் கலயம் நிறைய இருந்தது என்று அப்பத்தா சொல்லும். 1964 டிசம்பர் புயலில் வீடும் போனது, கலயமும் போனது. அந்த மரத்தை அப்பத்தா வாயால் கேட்டிருந்தேனே தவிர, கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்தக் கரையில் தேடுகிறவர்கள் இலங்கைக் காசைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 10, 25, 50 சதம் மூன்றும் வெள்ளியில் வந்தவை. 1892 முதல் 1917 வரை நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி, 1919 முதல் 1942 வரை ஐம்பத்தைந்து பங்கு. இலங்கைக்கென்று வெள்ளி ரூபாய் தனியாக அடிக்கவில்லை, நம் ரூபாயே அங்கும் ஓடியது. அதனால்தான் 50 சதத்தின் எடையும் நம் எட்டணாவின் எடையும் ஒன்று, 5.83 கிராம்.

நம் காசுக்கு மனசில் வைக்க வேண்டிய ஆண்டு 1940. அதற்கு முந்தைய ரூபாயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றே முக்கால் பங்குக்கு ஒரு துளி குறைவாக வெள்ளி. 1940 முதல் 1945 வரை சரிபாதி வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். எடை மட்டும் மாறவில்லை, 11.66 கிராம். அதாவது ஒரு தோலா, ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. பாதி வெள்ளி ரூபாயை அறிய இன்னொரு வழி, அதன் விளிம்பின் நடுவில் ஒரு பள்ளம் சுற்றி ஓடும். போலியைத் தடுக்க அப்போது கொண்டுவந்தது அது. பழைய ரூபாயில் வெறும் பல் வெட்டுத்தான். தாடி வைத்து, தலையில் கிரீடம் இல்லாமல் இருந்தால் அது எட்வர்ட், 1903 முதல் 1910 வரை. கிரீடமும் அங்கியுமாக இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ். 1939 வருஷத்து ரூபாய் மிக அரிது, அதனாலேயே போலி அதிகம். யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் வெள்ளி உண்டு. 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் 15 கிராம், அதில் எண்பது பங்கு வெள்ளி. பொட்டலத்தில் வராது, ஆனால் வீடுகளில் இருக்கிறது. அது என்னவென்று தெரியாமலே வைத்திருப்பார்கள்.

இப்போது சோதனை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சுண்டிப் பார்ப்பார்கள். நல்ல வெள்ளி கணீரென்று நீளமாக ஒலிக்கும், மற்றது டக்கென்று நின்றுவிடும். காது பழகியவர்களுக்கு அது போதும். ஆனால் சிமெண்டுத் தரையில் போட்டுச் சோதிக்காதீர்கள், விளிம்பு நசுங்கும். விரல் நுனியில் கிடத்தி, இன்னொரு காசால் லேசாகத் தட்டினால் போதும்.

சந்தேகம் தீர வேண்டும் என்றால் தண்ணீரில் எடை போடுவதுதான் வழி. கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் காசைச் சும்மா எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் ஒரு சின்னத் தம்ளர் தண்ணீரை வைத்து, எடையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பூக்கட்டும் நூலில் ஈரம் ஊறும், அது வேண்டாம். மெல்லிய நைலான் நூலில் காசைக் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் ஒரு ஆட்டு ஆட்டுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் எண் நிற்காது. இப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். நல்ல வெள்ளி ரூபாய் என்றால் தராசு 1.13 பக்கத்தில் காட்டும், அடர்த்தி 10.3. பாதி வெள்ளி என்றால் 1.22, அடர்த்தி ஒன்பதரை. அதே எடைக்குச் செப்பு நிக்கல் போலி 1.31 காட்டும். தேய்ந்த காசாக இருந்தாலும் வகுத்து வரும் அடர்த்தி மாறாது. அதனால்தான் வெறும் எடையைவிட இதை நான் நம்புகிறேன். கையை நடுங்காமல் பிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. நீங்களும் முதலில் தெரிந்த காசு நாலைந்தை வைத்துப் பழகுங்கள்.

இனிமேல் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். காசைத் தேய்க்காதீர்கள். எங்கள் அம்மா வழி வீட்டில் கிடைத்த 1907 வருஷத்து எட்வர்ட் ரூபாயை, குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி புளி போட்டு ஊறவைத்து, திருநீற்றால் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. மதுரையில் பழங்காசு வாங்குகிற ஒருவரிடம் காட்டினேன். ஒருமுறை சாய்த்துப் பார்த்தவர், "தேச்சுட்டீங்களேம்மா" என்றார். தாடி முடியின் மெல்லிய கோடு முழுக்க மழுங்கிப் போயிருந்தது. அந்தக் கறுப்பு நூறு வருஷமாகப் படிந்த மேல்பூச்சு, காசுக்கு அதுதான் காப்பு. கடல் தண்ணீர் பட்ட காசை மட்டும் நல்ல தண்ணீரில் ஒரு நாள் போட்டு, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி, துணியில் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம். கொக்கி பற்றவைத்த தழும்பு இருந்தாலும் அப்படியே விடுங்கள். யாரோ ஒருத்தி கழுத்தில் கிடந்த காசு அது.

உப்புக் காற்றுக்கு நான் செய்வது இது: ஒவ்வொரு காசும் ஒரு காகித உறையில், உறைகள் இறுக மூடும் எவர்சில்வர் டிபன் பாக்ஸில். மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டை உள்ளே போடுவேன். ரப்பர் பேண்ட் கூடவே கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கிவிடும்.

வெள்ளி இல்லாமலே எடுத்து வைக்கத் தகுந்த காசுகளும் பொட்டலத்திலும் கல்லாவிலும் வரும். 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு, காமராஜர், அண்ணா படம் போட்ட ஐந்து ரூபாய், பெரிய கோயில் ஆயிரம் ஆண்டுக்கு வந்த ஐந்து ரூபாய். ஆண்டுக்குக் கீழே உள்ள குறியையும் பாருங்கள்: ஒரு குறியும் இல்லையென்றால் கொல்கத்தா, வைர வடிவம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. பிள்ளைகளுக்கு இந்தக் குறி தேடும் வேலை ரொம்பப் பிடிக்கும்.

இரண்டு எச்சரிக்கை. இப்போது செல்லும் காசை உருக்குவதும் வெட்டுவதும் 2011 நாணயச் சட்டப்படி குற்றம், ஏழு வருஷம் வரை சிறை உண்டு. மண்ணில் புதைந்த பழங்காசுக் குவியல் கிடைத்தால், மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், 1878-லிருந்து சட்டம் இருக்கிறது. இது நம் மாவட்டத்துக்கு ரொம்பப் பொருந்தும். அழகன்குளத்தில் ரோமானியர் காசே கிடைத்திருக்கிறது. தோண்டுகிற வேலை தொல்லியல் துறையுடையது, நம்முடையது அல்ல. அப்புறம், உங்கள் பழைய ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று வரும் விளம்பரங்கள் எல்லாமே ஏமாற்று. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021-ல் எச்சரித்தது.

பார்த்து முடித்த காசில் கடைக்குத் தேவையானது போக மிச்சத்தை மறுபடி நூறு நூறாக எண்ணிக் கட்டிவிடுங்கள். ஆரம்பத்தில் ஒரு கிளையில் உதிரியாகக் கொண்டுபோய் நீட்டினேன், இரண்டு மணி நேரம் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது எடுத்த காசுக்குப் பதில் காசு வைத்து, பொட்டலத்தின் வாயை மெழுகுவத்தியில் வாட்டி ஒட்டி, மேலே பேனாவால் ஒரு சின்னச் சங்கு வரைந்துவிடுகிறேன். பார்த்த பொட்டலம் மறுபடி என்னிடமே வந்தால் தெரிந்துவிடும் அல்லவா. போன மாசம் அப்படி மூன்று வந்தன. காசாளரிடம் காட்டினேன், சிரித்துக்கொண்டே வேறு மூன்று எடுத்துக் கொடுத்தார்.